எங்கள் ஊராட்சி அலுவலகம்: தலைவர் இருந்தபோதும் இல்லாதபோதும்

2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் சென்ற பிறகு எங்கள் ஊராட்சியின் சேவை எப்படி இருக்கிறது என்பதைப் பயனாளியாக எழுதுகிறேன்.

வீட்டு வரியில் குறையில்லை. இணையத்தில் செலுத்தினால் ரசீது உடனே கிடைத்துவிடுகிறது. சிக்கல் குடிநீரில்தான். மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் பழுதானால், முன்பெல்லாம் காலையில் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றால் மாலைக்குள் ஆள் வந்துவிடுவார். இம்முறை மனு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப ஒன்பது நாள் ஆனது, அதுவரை எங்கள் தெருப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு அடிபம்பில் வரிசையில் நின்றார்கள். அலுவலரைக் குறை சொல்ல மனமில்லை. ஒருவர் தலையில் எத்தனை ஊராட்சிகளைத்தான் சுமத்துவது?

அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் காலத்தை முழுதாகப் புகழவும் முடியாது. அப்போது போட்ட சிமெண்ட் சாலை, அவருக்கு வாக்களிக்காத தெருவின் முனையோடு நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை அக்டோபர் 2 கிராம சபையில் அவர் முகத்துக்கு நேரே கேட்க முடிந்தது. அடுத்த தேர்தலை நினைத்தாவது அவர் பதில் சொன்னார். இப்போது தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு கூட்டம் கலைகிறது.

வரி வசூலுக்கு ஐந்துக்கு நான்கு, குடிநீருக்கு இரண்டு.