ஸ்பானிய மொழிப் பழைய பத்திரிகைகளை இணையத்தில் படிப்பது: பல வருடப் பழக்கத்துக்குப் பின்

ஸ்பெயின் வரலாற்றில் ஆர்வம் வந்தபிறகு நான் அதிகம் திறந்து பார்த்தவை நூல்களைவிட பழைய பத்திரிகைகளின் இணையக் காப்பகங்கள்தான். அவற்றில் எது எதற்குப் பயன்படும், எது பொறுமையைச் சோதிக்கும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

தினசரிப் புழக்கத்துக்கு லா வான்குவார்தியா. 1881-இல் கோதோ சகோதரர்கள் பார்சலோனாவில் தொடங்கிய நாளிதழ். தேதியைக் கொடுத்தால் அன்றைய இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம், வேகமும் பரவாயில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க இதழ்களில் முதல் பக்கத்தில் செய்தி இல்லையே என்று திகைக்க வேண்டாம். அங்கே மரண அறிவித்தல்களும் விளம்பரங்களும்தான் இருக்கும். செய்தி உள்ளே. 1939-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி வந்ததும் பெயரோடு 'எஸ்பான்யோலா' (ஸ்பானிய) என்ற ஒட்டு சேர்ந்துகொள்கிறது. 1978 வரை அது போகவில்லை.

ஆனால் யாராவது என்னிடம் கேட்டால் முதலில் காட்டுவது ஏபிசியைத்தான். தோர்குவாத்தோ லூக்கா தே தேனா 1903-இல் வார இதழாகத் தொடங்கி, 1905-இல் நாளிதழாக்கிய முடியாட்சி ஆதரவுப் பத்திரிகை. 1929 முதல் தெற்கு நகரமான செவில்லியாவிலும் ஒரு பதிப்பு. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் மாட்ரிட் அலுவலகத்தைக் குடியரசுத் தரப்பு கைப்பற்றியது. செவில்லியாவோ பிராங்கோ போன்ற கலகக்காரத் தளபதிகள் கையில். அப்புறம் ஏறக்குறைய மூன்று வருடம் ஒரே பெயரில், ஒரே சின்ன அளவில், இரண்டு எதிரெதிர் பத்திரிகைகள்! காப்பகத்தில் இரண்டுமே இருக்கின்றன. ஒரே தேதியை இரண்டு ஜன்னலில் திறந்துவைத்துப் படிப்பேன். மாட்ரிட் பதிப்பில் 'கலகக்காரர்கள்' என்றால் செவில்லியா பதிப்பில் 'தேசியப் படை'. அதில் 'மக்கள்' என்றால் இதில் 'சிவப்பர்கள்', அதாவது இடதுசாரிகள். 1937 ஏப்ரல் 26-இல் வடக்கே பாஸ்க் பகுதியின் கெர்னிகா என்ற ஊர் மீது குண்டு விழுந்த பிறகு வந்த நாட்களை இப்படிப் பாருங்கள். ஊரைப் பின்வாங்கிய சிவப்பர்களே கொளுத்தினார்கள் என்பதுதான் பிராங்கோ தரப்பு பரப்பிய கதை. போர்க்காலப் பிரச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டுமானால் ஸ்பெயின் தேசிய நூலகத்தின் காப்பகம். இலவசம். 1758-இல் நீஃபோ என்ற பத்திரிகையாளர் தொடங்கிய மாட்ரிட் நாளிதழ், ஸ்பெயினின் முதல் தினசரி, இங்கே கிடைக்கும். காணாமல் போன பொருள், வாடகைக்கு அறை, வேலை தேடும் பணியாள் என்று அறிவிப்புகளிலேயே நேரம் ஓடிவிடும். குறை தேடலில்தான். அந்தக் கால அச்சில் 's' எழுத்து நீளமாக, பார்ப்பதற்கு 'f' மாதிரி இருக்கும். அச்சுப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் (ஓசிஆர்) அதை அப்படியே 'f' என்று படித்துவைத்துவிடுகிறது. சரியான எழுத்தில் தேடி ஒன்றும் வராவிட்டால் தப்பான எழுத்தில் தேடிப் பாருங்கள், வரும். வரி முடிவில் உடையும் சொற்களும் சிக்கல். அதனால் நான் இப்போதெல்லாம் சொல்லைவிட தேதியைத்தான் நம்புகிறேன்.

செய்தி வார இதழ் என்றால் என் ஓட்டு த்ரியுன்ஃபோவுக்கு. 1946-இல் வலென்சியாவில் சினிமாப் பத்திரிகையாகப் பிறந்து, அறுபதுகளில் பிராங்கோ எதிர்ப்பாளர்களின் இதழாக மாறியது. 1966-இல் தகவல் அமைச்சர் ஃப்ராகா கொண்டுவந்த அச்சுச் சட்டம் முன்தணிக்கையை நீக்கியது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அச்சிட்ட பிறகு அபராதம், பறிமுதல், தடை எல்லாம் வரலாம்; அதனால் எழுதுகிறவரே தன்னைத் தணிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. திருமணம் பற்றிச் சிறப்பிதழ் போட்டதற்காக 1971-இல் த்ரியுன்ஃபோவுக்கு நான்கு மாதத் தடை. 1975-இல் மறுபடியும் நான்கு மாதம். அந்த இடைவெளிகள் காப்பகத்திலும் அப்படியே தெரிகின்றன. ஸ்பெயின் அரசைத் தொட முடியாத வாரங்களில் சிலி, வியட்நாம், போர்ச்சுகல் என்று வெளிநாட்டுச் செய்தியில் உள்நாட்டைப் பேசியிருப்பார்கள். அதைப் பிடிக்கப் பழகிவிட்டால் இதழைக் கீழே வைக்க மனம் வராது.

லத்தீன் அமெரிக்கா விஷயத்தில்தான் அலைச்சல், எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. மெக்சிகோவுக்கு அந்நாட்டுத் தேசியப் பத்திரிகைக் காப்பகம் நன்றாகவே உதவுகிறது. புவனோஸ் ஐரஸில் 1898-இல் தொடங்கிய காராஸ் இ காரேத்தாஸ் வார இதழைக் கேலிச்சித்திரங்களுக்காகத் தேடுகிறவர்கள் அர்ஜென்டினா தளங்களில் சுற்ற வேண்டாம். மேலே சொன்ன ஸ்பெயின் தேசிய நூலகக் காப்பகத்திலேயே இருக்கிறது.