கொல்லம் ரோட்டு நாற்பது சென்ட்: ஆயில் கம்பெனிக்கு லீசா, நாமே டீலரா?

செங்கோட்டையிலிருந்து கேரள எல்லையோரப் புளியரை போகிற வழியில் ரோட்டு முகப்போடு நிலம் இருந்தால் தரகர்கள் சும்மா இருக்க விடுவதில்லை. கேரளத்தில் பெட்ரோலும் டீசலும் நம் பக்கத்தைவிட லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் சமூகப் பாதுகாப்பு செஸ் என்று 2 ரூபாய் ஏற்றியது. ஆரியங்காவு தாண்டி வருகிற கே.எல். வண்டிகள் திரும்பும்போது டேங்க்கை வாய் வரை நிரப்பிக்கொண்டுதான் மலை ஏறுகின்றன. பங்க் போட இதைவிட என்ன வேண்டும்?

அமெரிக்காவில் நிலத்துக்கு அடியில் எண்ணெய் கிடந்தால் அது நிலத்துக்காரருக்கே சொந்தமாக இருக்கலாம். எட்டில் ஒரு பங்கு ராயல்டி என்று பேரம் பேசுவது அங்கே பழைய வழக்கம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அடியில் இருப்பது அரசுக்கு, ராயல்டியும் அரசுக்கு. நம்மைப் போன்றவர்கள் ஆயில் கம்பெனியோடு பேரம் பேச முடிவது பங்க் போடும் மேல்மண்ணுக்கு மட்டும்தான்.

என் முன்னால் இருந்த வழிகள் மூன்று. பொதுத்துறை கம்பெனிக்கு நிலத்தை நீண்டகால லீசுக்கு விட்டு மாத வாடகை வாங்குவது. அதே நிலத்தைக் காட்டி நாமே டீலர்ஷிப் எடுப்பது. இல்லையென்றால் தனியார் கம்பெனிக்கு விடுவது. நான் முதலாவதை எடுத்தேன், அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தனியாரைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. வாடகை கூடுதலாகப் பேசுகிறார்கள். ஆனால் 2008-ல், மானிய விலையில் விற்ற பொதுத்துறை பங்க்குகளோடு போட்டி போட முடியாமல் ரிலையன்ஸ் தன் பங்க்குகளை இழுத்து மூடியது நினைவில் இருக்கிறது. வாடகையை நம்பி இருக்கிறவனுக்கு அது ஒன்றே போதும்.

டீலர்ஷிப்பில் வருமானம் நிச்சயம் அதிகம், எல்லையோரத்தில் இன்னும் அதிகம். ஆனால் நிலம் இருந்தால் மட்டும் போதாது. விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் நம் பெயர் விழ வேண்டும். விழுந்தாலும் சரக்குக்கு முன்பணம் கட்ட வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் ஒரு லோடு டீசல் என்றாலே பத்து லட்சத்துக்கு மேல். அப்புறம் ஆள் பிரச்சினை. என் மச்சான் கடையநல்லூர் பக்கம் பங்க் வைத்திருக்கிறார். விடிந்ததும் டிப் ராடை டேங்க்கில் இறக்கி, ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, ராத்திரிக் கணக்கோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் அவருக்குக் காபி. டென்சிட்டி எழுதி வைக்க வேண்டும், அளவு முத்திரை தவறக் கூடாது, ஆபீசர் எப்போது வந்தாலும் சாம்பிள் தயாராக இருக்க வேண்டும். "மாப்ள, உன்னால முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கல்லாவில் உட்கார வீட்டு ஆள் இருக்கிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் பையன் பெங்களூரில் இருக்கிறான், வரப்போவதில்லை.

ஆக லீஸ். இதில் எல்லோரும் வாடகையைத்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியது நிலம் எப்படித் திரும்பி வரும் என்பதை.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1976-ல் பர்மா ஷெல் என்ற வெளிநாட்டு ஆயில் கம்பெனியின் இந்தியத் தொழிலை மத்திய அரசு எடுத்துக்கொண்டபோது, அந்தக் கம்பெனி வைத்திருந்த குத்தகைகள் முடிந்தாலும் அரசு விரும்பினால் அதே நிபந்தனைகளில் புதுப்பிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கால்டெக்ஸுக்கும் அதேபோல. தாத்தா காலத்து வாடகையை வாங்கிக்கொண்டு பேரன்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள். போதாதென்று, 1921-ஆம் ஆண்டு நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, கட்டடம் எழுப்பியது நாங்கள், நிலத்தையே எங்களுக்கு விற்க உத்தரவிடுங்கள் என்றும் கம்பெனிகள் கேட்டன. பங்க்கை டீலர் கையில் கொடுத்துவிட்டு, தான் நேரில் அனுபவத்தில் இல்லாத கம்பெனிக்கு அந்த உரிமை கிடையாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது.

அந்தச் சட்டங்கள் பழைய குத்தகைகளுக்கு உரியவை. ஆனால் இன்றைய டிராஃப்டில் "குத்தகைதாரர் விரும்பினால் இதே நிபந்தனைகளில் புதுப்பித்துக்கொள்ளலாம்" என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும், அதே கதை நம் வீட்டுக்கும் வந்துவிடும். எனக்கு வந்த டிராஃப்டில் அது ஏழாவது பக்கத்தில், சொத்துவரி ஷரத்துக்கும் போர்டு வைக்கும் உரிமைக்கும் நடுவில் இருந்தது. வக்கீல் பென்சிலால் வட்டம் போட்டார். "இரு தரப்பும் எழுத்து மூலம் சம்மதித்தால், அன்றைய சந்தை வாடகையில்" என்று மாற்றாமல் கையெழுத்து இல்லை என்று உட்கார்ந்தோம். 30 ஆண்டு கேட்டார்கள், 19 ஆண்டு 11 மாதத்தில் முடிந்தது.

கூடவே இன்னும் இரண்டு ஷரத்து. காலம் முடிந்தால் பூமிக்கடியில் இருக்கும் டேங்க்குகளைக் கம்பெனி தன் செலவில் தோண்டி எடுத்து, எண்ணெய் ஊறிய மண்ணை அப்புறப்படுத்தி, குழியை நிரப்பித் தர வேண்டும். நிலத்தை ஒப்படைக்கும் நாள்வரை வாடகை ஓட வேண்டும், அதுவும் கடைசி வாடகையைப் போல இரண்டு மடங்கு. முதல் ஷரத்துக்குச் சுலபமாகத் தலையாட்டினார்கள். இரண்டாவதற்கு இழுத்தடித்து, ஒன்றரை மடங்கில் வந்து நின்றார்கள். கம்பெனிக்கு மட்டும் மூன்று மாத நோட்டீசில் வெளியேறும் உரிமை உண்டு, நமக்குக் கிடையாது. அதை மட்டும் அசைக்க முடியவில்லை.

வாடகை உயர்வையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறினால் கடைசியில் 53,000 சொச்சம். 15 சதவீதம் என்றால் 69,000-க்கு மேல். தொடக்க வாடகையில் ஆயிரம் இரண்டாயிரம் விட்டுக்கொடுத்தாவது இதைப் பிடிப்பது லாபம். வாடகை எந்தத் தேதியில் தொடங்கும் என்பதும் முக்கியம். கலெக்டர் தடையில்லாச் சான்று, வெடிபொருள் துறை உரிமம், நெடுஞ்சாலைத் துறை அனுமதி எல்லாம் வந்து பங்க் திறக்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். நிலத்தை ஒப்படைத்த தேதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரப்பதிவு, பட்டா, வில்லங்கம் பற்றி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முகப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தோப்பு வைத்திருப்பவர்கள் வண்டிப்பாதையை வரைபடத்திலேயே குறித்துக் கழித்துவிட வேண்டும். நான் பதினாறு அடி விட்டேன், தேங்காய் லாரி திரும்ப அது தாராளம்.

இத்தனையும் எழுதியும் என் லீஸ் முடிய இன்னும் பல வருஷம் இருக்கிறது. ஏழாவது பக்கம் வேலை செய்கிறதா என்று அன்றைக்குத்தான் பார்க்க முடியும். அதற்குள் பெட்ரோலும் ஜி.எஸ்.டி.க்குள் போய், இரண்டு பக்கமும் ஒரே விலை என்றாகிவிட்டால் முதலில் அடிபடுவது டீலரின் விற்பனைதான், என் வாடகை அல்ல. மச்சானிடம் இதைச் சொன்னால் மட்டும் சிரிக்க மாட்டார்.