கரோலினா ஷாகா, வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங்கா?

இரண்டும் ஜாஸ் இசையோடு பிறந்த அமெரிக்க ஸ்விங் குடும்பத்து ஜோடி நடனங்கள். எதை முதலில் கற்பது?

ஊர்: ஷாக், மர்ட்டில் பீச் கடற்கரைப் பக்கம் வளர்ந்தது, 1984 முதல் தென் கரோலினாவின் மாநில நடனம். வெஸ்ட் கோஸ்டுக்குக் கலிஃபோர்னியாவில் 1988இல் அதே பட்டம்.

ஆட்டம்: ஷாகில் வித்தையெல்லாம் இடுப்புக்குக் கீழேதான். மேலுடல் அலட்டிக்கொள்ளாது, கையில் கோப்பை இருந்தாலும் சிந்தக் கூடாது! வெஸ்ட் கோஸ்டில் இருவரும் ஒரு நேர்கோட்டில் இழுத்தும் நெகிழ்ந்தும் ஆடுவார்கள், உடல் முழுக்கப் பேசும்.

பாட்டு: ஷாகுக்குப் பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ், அதையொட்டி கரோலினா கடற்கரையில் வளர்ந்த பீச் மியூசிக். மற்றதற்கு ப்ளூஸ் முதல் இன்றைய பாப் வரை.

கற்பது: இரண்டுக்கும் அடிப்படை அடிவைப்பு, தாளத்தின் ஆறு எண்ணிக்கைக்குள் முடியும். துணையின் இழுப்பை உணர்ந்து ஆட வேண்டியதால் வெஸ்ட் கோஸ்ட் பிடிபட நாளாகும்.

கால் வித்தை பிடித்தால் ஷாக். போகிற ஊரிலெல்லாம் ஆட வேண்டுமா? சரி, வெஸ்ட் கோஸ்ட்தான்; வட, தென் கரோலினா மாநிலங்களைத் தாண்டினால் ஷாகுக்கு ஜோடி கிடைப்பதே பெரும்பாடு.