ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா: ஆகஸ்ட் மாதத்தை வைத்துப் பாருங்கள்

2023 கடைசியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு போன். தண்ணீர் கேன் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. எந்த வீட்டுக்கு எத்தனை கேன், யாரிடம் எவ்வளவு பாக்கி என்று அவருடைய மூன்று வேன்களுக்கும் கணக்கு வைக்க, 2021-ல் ரியாக்ட் நேட்டிவில் ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தோம். ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர் இரண்டும் ஒரே கோடை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்யும் கருவிகள்; முதலாவதில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி, இரண்டாவதில் டார்ட் மொழி. "தம்பி, புதுசா சேர்ந்த பயலுக்குப் புது போன். ப்ளே ஸ்டோர்ல தேடுனா நம்ம ஆப்பே வரமாட்டேங்கு" என்றார்.

ஆப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி ப்ளே ஸ்டோர் ஒரு கெடு வைக்கிறது. ஆப் குறிவைக்கும் ஏபிஐ லெவல் (எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக அது செய்யப்பட்டது என்று காட்டும் எண்) பழசாகிவிட்டால், அதைவிடப் புதிய ஆண்ட்ராய்டு உள்ள போனில் புதிதாகத் தேடுகிறவருக்கு அது தென்படாது. எங்களுடையது 30-லேயே நின்றிருந்தது. அப்போது கண்ணில் பட 31 வேண்டியிருந்தது; புது வெர்ஷன் ஏற்றுவதானால் 33. பழைய போன்களில் ஓடிக்கொண்டே இருந்ததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஓர் எண்ணை மாற்ற எனக்குப் பதினோரு நாள் ஆனது. அதனால்தான் வேகம், தோற்றம் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. கணக்கு ஆப், ஆர்டர் ஆப் போன்ற வேலைகளுக்கு இரண்டுமே போதுமான வேகம். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள், டார்ட் தெரிந்தவர்களைத் தேட வேண்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் இரண்டு மூன்று வாரத்தில் டார்ட் எழுதிவிடுகிறார். எங்களிடம் வந்த இரண்டு பேரிடமும் பார்த்தேன்.

பராமரிப்புக்கு வருவோம். எண்ணை மட்டும் மாற்றினேன், பில்ட் ஆனது. ஆனால் வேனில் ரசீது அடிக்கும் ப்ளூடூத் பிரிண்டர் நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டு 12-லிருந்து ப்ளூடூத் இணைப்புக்குப் பயனரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். பிரிண்டருக்காக நாங்கள் பயன்படுத்திய லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த தயார் கோடு) எழுதியவர் இரண்டு வருடமாக அதைத் தொடவே இல்லை. மாற்று லைப்ரரி ஒன்று கிடைத்தது, அதற்குப் புதிய ரியாக்ட் நேட்டிவ் வேண்டும். அதை ஏற்றினால் நேவிகேஷன் லைப்ரரி ஒத்துவரவில்லை. அதை ஏற்றினால் அனிமேஷன் லைப்ரரி. அப்புறம் ஆண்ட்ராய்டு ஆப்பை பில்ட் செய்யும் கருவியான கிரேடில், அப்புறம் ஜாவா. ரியாக்ட் நேட்டிவ் வெர்ஷன் 0.64-லிருந்து 0.72 வரை ஏறி வந்தோம்.

இரண்டு ரியாக்ட் நேட்டிவ் வெர்ஷன்களுக்கு இடையே மாறியதைக் காட்டும் அப்கிரேட் ஹெல்பர் பக்கத்தைத் திறந்தால் சிவப்பும் பச்சையுமாக வரிகள் ஓடும். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஃபோல்டர்களில் இருப்பவற்றை அதைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும். 0.68-ல் ஐபோன் பக்கத்துத் தொடக்கக் கோப்பான ஆப்டெலிகேட்டின் வகை மாறியது. 0.73-ல் ஆண்ட்ராய்டு பக்கத்துத் தொடக்கக் கோப்பான மெயின் ஆக்டிவிட்டி ஜாவா மொழியிலிருந்து காட்லின் மொழிக்குப் போனது. 0.77-ல் அதே ஆப்டெலிகேட் ஸ்விஃப்ட் மொழிக்கு மாறியது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல மாற்றங்கள்தான். மூன்று வருடம் கழித்து மொத்தமாகச் செய்கிறவனுக்குத்தான் பாடு.

2022-ல் மதுரையில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு ஃப்ளட்டரில் ஆர்டர் ஆப் செய்தோம். அதிலும் பிரிண்டர் உண்டு. அதே 33-க்கு அதை ஏற்ற இரண்டு நாள்தான் ஆனது. பிரிண்டர் பிளகினை (ஃப்ளட்டரில் லைப்ரரி போன்றது) எழுதியவர் ஏற்கெனவே திருத்தி வைத்திருந்தார், அந்த அளவுக்கு அதிர்ஷ்டம்தான். மற்றது அதிர்ஷ்டமல்ல. அண்ணாச்சி ஆப்பில் நேட்டிவ் கோடு (ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக எழுதியது) உள்ள வெளி லைப்ரரிகள் பதினேழு. ஜவுளி ஆப்பில் ஆறு. நேவிகேஷன், அனிமேஷன், தேதி தேர்வு, விரலசைவு எல்லாம் ஃப்ளட்டருக்குள்ளேயே வருகின்றன, ஒரே குழு ஒன்றாகவே வெளியிடுகிறது. ரியாக்ட் நேட்டிவில் இவற்றில் பெரும்பாலானவை வெளியாட்களின் பொறுப்பு. ஆண்டுதோறும் உடையக்கூடிய இடங்கள் பதினேழா ஆறா என்பதுதான் எனக்கு முடிவைச் சொன்னது.

ஃப்ளட்டரிலும் வலி உண்டு. 2021-ல் டார்ட் 2.12-உடன் நல் சேஃப்டி (மதிப்பு இல்லாத மாறிகளால் வரும் பிழையை முன்பே தடுக்கும் விதி) வந்தபோது பழைய கோடு வைத்திருந்தவர்கள் வரிவரியாகத் திருத்த உட்கார்ந்தார்கள். 2023-ல் டார்ட் 3 வந்தபின் அதற்கு மாறாத பிளகின்கள் எதுவும் ஓடாது என்றாகிவிட்டது. ஆண்ட்ராய்டின் பில்ட் கருவி வெர்ஷன் 8-க்கு மாறினால், நேம்ஸ்பேஸ் (தனிப் பெயர் அடையாளம்) குறிப்பிடாத பழைய பிளகின் இங்கேயும் கழுத்தைப் பிடிக்கும். 2024-ல் ஃப்ளட்டரை உருவாக்கும் கூகுள் ஆட்குறைப்பு செய்தபோது ஃப்ளட்டர் குழுவிலும் சிலர் போனார்கள். அதே ஆண்டு மே 1-ல்தான் இதேபோன்ற இன்னொரு கருவியான சாமரினுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஃப்ளட்டரையும் ஒருநாள் கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது.

ரியாக்ட் நேட்டிவை எடுக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. ஸ்டோர் அனுமதிக்குக் காத்திராமல் சின்னத் திருத்தத்தை நேராகப் போனுக்கு அனுப்பும் வசதி அதில் இயல்பாக அமைகிறது. ஐபோன் வாடிக்கையாளர்களே அதிகம் என்றாலும் யோசிக்கலாம். 2025-ல் ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடி போன்ற தோற்றத்தைக் கொண்டுவந்தபோது, ரியாக்ட் நேட்டிவ் போல ஐஓஎஸ்-இன் நிஜமான பாகங்களைப் பயன்படுத்தும் ஆப்களில் அந்தப் பாகங்களுக்கு அது கூடவே வந்தது. ஃப்ளட்டர் எல்லாவற்றையும் தானே வரைவதால் அந்தத் தோற்றம் தானாக வராது.

ரியாக்ட் நேட்டிவோடு சேர்த்துப் பயன்படுத்தும் எக்ஸ்போ என்ற கருவியைப் பற்றி நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஃபோல்டர்களை அதுவே புதிதாக உருவாக்கித் தருவதால் மேலே சொன்ன கைத்திருத்தத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். ஆனால் அதில் ஒரே ஒரு சின்ன ஆப் செய்து, ஒரே ஒரு முறைதான் அப்கிரேட் செய்திருக்கிறேன். அரை நாளில் முடிந்தது. பிரிண்டர் இல்லாத ஆப் அது. காட்லின் மொழியில் எழுதிய கோடை ஐபோனிலும் பயன்படுத்த உதவும் காட்லின் மல்டிபிளாட்ஃபார்மில் பில் கணக்கிடும் பகுதியை மட்டும் எழுதிப் பார்த்தேன். ஏற்கெனவே காட்லினில் ஆண்ட்ராய்டு ஆப் வைத்திருப்பவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

2025 நவம்பரிலிருந்து, 16 கேபி நினைவகப் பக்க அளவுள்ள போன்களுக்கும் ஆப் ஒத்துவர வேண்டும் என்ற ப்ளே ஸ்டோர் விதியும் வந்தது. ரியாக்ட் நேட்டிவ் என்றால் குறைந்தது 0.77, வழியில் 0.76-ல் புதிய ஆர்க்கிடெக்சர் (உள்கட்டமைப்பு) வேறு. அண்ணாச்சியிடம் இரண்டு விலை சொன்னேன்: ஏற்றுவதற்கு ஒன்று, ஃப்ளட்டரில் திரும்ப எழுத ஒன்று. "அடுத்த வருசமும் இப்படி வந்து நிப்பியா?" என்று கேட்டார். திரும்ப எழுதினோம், ஐந்து வாரம் ஆனது. இப்போது எல்லாக் கொட்டேஷனிலும் ஆகஸ்ட் மாதத்துக்கென்று தனியாக ஒரு வரி போடுகிறேன்: ஃப்ளட்டர் என்றால் இரண்டு நாள் வேலை, ரியாக்ட் நேட்டிவ் என்றால் ஆறு நாள்.