தனியே கூடாரமடிப்பவர்களுக்கு மோரா கம்பானியன் கத்தி

ஸ்காட்லாந்து மலைகளில் கோடைக்காலத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், தனியே கூடாரமடித்துத் தங்குபவருக்குச் சமைத்துச் சாப்பிட்ட பிறகும் வெகுநேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் ஏதேனும் ஒரு கைவேலையைப் பழக விரும்புபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, சுவீடனின் மோரா பகுதியில் தயாராகும் மோராக்னிவ் நிறுவனத்தின் கம்பானியன் கத்தியைத்தான்.

அலகு ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 2.5 மி.மீ. தடிமனும் கொண்டது, ரப்பர் பூசிய பிடி ஈரக்கையிலும் வழுக்குவதில்லை. இதன் உண்மையான சிறப்பு, அலகின் இரு பக்கமும் ஒரே சரிவாக விளிம்புவரை இறங்குவதில் இருக்கிறது. அந்தச் சரிவை மரத்தின்மேல் படியவைத்துத் தள்ளினால் சரியான கோணம் தானாகவே அமைந்துவிடுகிறது. தீட்டுக்கல்லிலும் அப்படியே படியவைத்துத் தேய்த்தால் போதும் என்பதால், தீட்டப் பழகுபவருக்கு இதைவிட எளிய கத்தி கிடைப்பது அரிது.

முதலில் பழக வேண்டியது ஃபெதர் ஸ்டிக், அதாவது தீ மூட்டுவதற்காகச் சுருள் சுருளாகச் சீவிய குச்சி. கீழே விழுந்து காய்ந்த கிளையொன்றைப் பிளந்தால், மழையில் நனைந்திருந்தாலும் உட்பகுதி பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கையை நீட்டி, உடல் எடையை மெல்லக் கொடுத்துச் சீவ வேண்டும்; சீவல் உதிர்ந்துவிடாமல், அடிவரை சுருண்டு குச்சியிலேயே நிற்க வேண்டும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சுருள்தான் தீப்பொறியைப் பிடிக்கும். பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டையின் எண்ணெய்ப் பசை ஈரத்திலும் எரியும் என்பதால், உதிர்ந்து கிடக்கும் பட்டையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கூடார முளை செதுக்குவதும் பாத்திரம் தொங்கவிடக் கொக்கி வெட்டுவதும் அதற்கடுத்த பயிற்சிகள்.

தனியாக இருக்கும்போது கத்தி வேலையில் ஒரு விதியை மட்டும் தளர்த்தக் கூடாது. தொடைகளுக்கு நடுவே வைத்து எதையும் செதுக்கக் கூடாது. அங்கே பெரிய தமனி ஓடுகிறது, உதவிக்கு ஓடிவர அருகில் ஆள் இல்லை. முழங்கைகளை முழங்கால்களின்மேல் ஊன்றிக்கொண்டு, முதலுதவிப் பையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே உறையிலிருந்து கத்தியை எடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை செல்வதில்லை. ஆகவே தடித்த கட்டையின்மேல் வைத்து அடித்துப் பிளக்க இது ஏற்றதல்ல, விரல் பருமனுள்ள குச்சியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தீ மூட்டப் பயன்படும் ஃபெரோ உலோகக் கம்பியை உரசிப் பொறி எழுப்பும் அளவுக்கு இதன் முதுகு கூராக இல்லை. அது வேண்டுமென்றால் பிடிக்குள்ளேயே கம்பி வைத்து, முதுகையும் கூராக்கியிருக்கும் கம்பானியன் ஸ்பார்க்கை வாங்கலாம். மழையும் சதுப்பும் மிகுந்த இடங்களுக்குக் கார்பன் எஃகைவிடத் துருப்பிடிக்காத எஃகு வகையே என் தேர்வு.

ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் கூடாரமடிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் உயிருள்ள மரத்தை வெட்டுவதையோ, மக்கிய தாவரங்கள் படிந்த கரிச்சதுப்பு நிலத்தில் தீ மூட்டுவதையோ அது அனுமதிப்பதாகக் கொள்ளக் கூடாது. சீவிய குச்சிகளைச் சிறிய கையடக்க விறகடுப்பில் எரித்துப் பார்ப்பதே முறை. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் இத்தகைய மடக்காத கத்தியை வைத்திருப்பது குற்றம் என்பதால், ரயிலிலும் பேருந்திலும் அதை உறையோடு பையின் அடியில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். முகாம் முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.