ரொறன்ரோவிலிருந்து பலாலி வரை: பறந்ததும் காத்திருந்ததும்

ரொறன்ரோவுக்கும் சென்னைக்கும் இடையிலான நேர்கோட்டு வான்தூரம் ஏறத்தாழ 13,390 கிலோமீற்றர். உருண்டை வரைபடத்தில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், அது கிறீன்லாந்தின் மேலாக ஏறி ரஷ்யாவின் மேலாக இறங்குவதைக் காணலாம். 2022 பெப்ரவரியிலிருந்து கனடிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டிருக்கிறது. இரு நகரங்களுக்கும் இடையே நேரடிச் சேவையும் இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் புறப்பட்ட நானும் அம்மாவும் இலண்டன் வழியாகச் சென்னைக்குச் சென்றோம். அந்த வழியில் கூடுவது சுமார் 550 கிலோமீற்றர்தான். பெரிய விமானத்துக்கு அது நாற்பது நிமிடப் பறப்புக்கும் குறைவு.

இலண்டனுக்கு ஏழு மணித்தியாலம், அங்கிருந்து சென்னைக்குப் பத்து, சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றேகால் என்று வானத்தில் கழிந்தது 18¼ மணித்தியாலம். இரண்டு நிலையங்களிலும் காத்திருந்ததோ 17 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. இலண்டனில் கழிந்த ஏழு மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா நன்றாக உறங்கினார்.

சிக்கல் சென்னையில்தான். பலாலிக்கான பயணச்சீட்டை எங்கள் பயண முகவர் தனியாகப் போட்டிருந்தார். இரண்டு சீட்டுகள் என்றால் பொதிகள் தாமாக அடுத்த விமானத்துக்கு மாறமாட்டா. இந்தியாவுக்குள் நுழைந்து, பொதிகளை எடுத்து, மீண்டும் புறப்பாட்டுப் பகுதிக்குப் போகவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும் என்பதை முகவர் ஒருதரமும் சொல்லவில்லை. முன்பு இதே வழியில் போன சித்தி சொல்லித்தான் எடுத்து வைத்திருந்தோம். அதிகாலை நான்கு மணிக்கு இறங்கி, சிவப்பு நாடா கட்டிய நான்கு சூட்கேசுகளை ஒவ்வொன்றாகப் பட்டியிலிருந்து இறக்கினேன். சிறிய விமானத்தில் அனுமதித்த எடை குறைவு என்பதால், அம்மா தரையில் அமர்ந்து பால்மாப் பெட்டிகளைப் பிரித்துக் கைப்பைக்குள் அடுக்கினார். அப்படியும் மிகுந்த எடைக்குப் பணம் கட்டினோம்.

பிற்பகல் 1.50க்குப் புறப்பட்டது, சுழல்விசிறி பூட்டிய ஏடிஆர் 72. இரு நிலையங்களுக்கும் இடையே 355 கிலோமீற்றர்தான். 2019 ஒக்ரோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, பெருந்தொற்றில் மூடப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டும் இயங்கத் தொடங்கிய பலாலி சிறியது. குடிவரவு வரிசையும் சிறியது. இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

“எத்தனை மணித்தியாலம் வந்தனீங்கள்?” என்று அத்தான் கேட்டார். 35 என்றேன். கொழும்பு வழியாக வந்திருக்கலாமே என்றார். கட்டுநாயக்காவில் இறங்கினால் இந்திய விசாவும் வேண்டாம், பொதிகளையும் ஒரே தடவை எடுத்தால் போதும். ஆனால் அதன்பின் ஏ9 வீதியில் ஏழெட்டு மணித்தியாலம் வான் வண்டியில் குலுங்கவேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஒத்துவராது. மேற்கிலிருந்து வீசும் உயர்வான் காற்றை எதிர்த்துப் பறப்பதால், திரும்பும் வழியில் இலண்டன்–ரொறன்ரோ மட்டும் எட்டு மணித்தியாலம் எடுக்கும் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.