‘பிள்ளைகளுக்கான நாடகம்தானே’ என்ற சமாதானம்

சிங்கப்பூரின் மெரினா பே சாண்ட்ஸ் அரங்கில் 2015ஆம் ஆண்டு மேடையேறிய ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ இசை நாடகத்தைப் பற்றி இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பேச்செடுத்தால், நாடகத்தைப் பாராட்டும் குரலைவிட அதைக் குறைகூறிய விமர்சகர்களைத் திட்டும் குரலே ஓங்கி ஒலிக்கும். சாபத்தால் மிருகமாகிப்போன இளவரசனும், பொருட்களாக மாறிவிட்ட அவன் பணியாளர்களும், அவன் கோட்டைக்கு வந்து சேரும் பெல் என்ற பெண்ணும்தான் கதை. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 1994 ஏப்ரல் 18 அன்று தொடங்கிய நாளிலிருந்தே இந்த நாடகத்துக்கும் விமர்சகர்களுக்கும் ஏழாம் பொருத்தம்தான். கேளிக்கைப் பூங்காவின் காட்சியைப் பெரிதாக்கி மேடையில் வைத்துவிட்டார்கள், டிஸ்னியின் கார்ட்டூன் படத்தை அப்படியே பிரதியெடுத்திருக்கிறார்கள், பார்ப்பவரின் கற்பனைக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை என்றெல்லாம் அன்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றுக்கு ரசிகர்கள் தரும் பதில்களில் சில நியாயமானவை. ஒன்று மட்டும், காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நாடகத்தையே தாழ்த்திவிடுகிறது. நாடகம் 2022இன் இறுதியில் புதுப்பித்த வடிவில் மீண்டும் இங்கே வந்தது. நான் எழுதுவது 2015இல் வந்த வடிவத்தைப் பற்றி.

விமர்சகர்கள்மீது கோபப்படுகிறவர்கள் ஒரு வேடிக்கையான செய்தியை மறந்துவிடுகிறார்கள். இந்த நாடகம் உருவானதற்கு ஒரு விமர்சகரின் பாராட்டும் காரணம். கார்ட்டூன் திரைப்படம் 1991இல் வெளிவந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் நாடக விமர்சகராக இருந்த ஃபிராங்க் ரிச், அந்த ஆண்டின் மிகச் சிறந்த பிராட்வே இசை ஒரு திரைப்படத்தில்தான் இருக்கிறது என்று இந்தப் படத்தைக் குறிப்பிட்டு எழுதினார். கடுமையான எழுத்துக்காக ‘பிராட்வேயின் கசாப்புக்காரர்’ என்று பெயரெடுத்தவர் அவர். அவரே அப்படி எழுதியது டிஸ்னி நிறுவனத்துக்கு மேடையின்மீது ஆசையைத் தூண்டியது. 1993இன் இறுதியில் ஹூஸ்டன் நகரில் நடத்திப் பார்த்துவிட்டு மறு ஆண்டு பிராட்வேக்குக் கொண்டுவந்தார்கள். அதே வேளையில், கேளிக்கைப் பூங்கா என்ற குற்றச்சாட்டும் வானத்திலிருந்து குதித்ததன்று. 1991 நவம்பர் முதலே ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் இந்தக் கதையின் சுருக்கமான மேடை வடிவம் நடந்துவந்தது.

ரசிகர்கள் முதலில் கையிலெடுப்பது எண்ணிக்கையை. 1994இல், பிராட்வே நாடகங்களுக்கு வழங்கும் டோனி விருதுகளில் சிறந்த இசை நாடகத்துக்கானது ஸ்டீஃபன் சோன்டைமின் ‘பேஷன்’ நாடகத்துக்குப் போனது; ஒன்பது பரிந்துரைகளைப் பெற்றிருந்த இந்த நாடகத்துக்குக் கிடைத்தது ஆடை வடிவமைப்புக்கான ஒரே விருது. ஆனால் ‘பேஷன்’ 280 காட்சிகளோடு நின்றுவிட, இது 2007 ஜூலை வரை 5,461 காட்சிகள் ஓடியது. போதாக்குறைக்கு, லண்டனில் 1998இல் சிறந்த புதிய இசை நாடகத்துக்கான ஆலிவியர் விருதும் இதற்குக் கிடைத்தது. இந்த எண்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பங்களிலும் இருப்பார் போலிருக்கிறது. எண்கள் பொய்யில்லை. ஆனால் மக்கள் வந்தார்கள் என்பதைத்தான் அவை சொல்கின்றன. வந்தவர்கள் மேடையில் எதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. விமர்சகர் கேட்டதோ இரண்டாவது கேள்வியை.

எனக்கு உடன்பாடில்லாத பதில், ‘பிள்ளைகளுக்கான நாடகத்தைப் போய் இப்படிக் குடைந்து குடைந்து பார்க்கலாமா’ என்பது. கேட்பதற்குப் பரிவாகத் தோன்றினாலும், பிள்ளைகள் முன்னால் எதை வைத்தாலும் வாய்பிளந்து பார்ப்பார்கள் என்ற அலட்சியம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. நியூயார்க் விமர்சகர்கள்கூடப் பிள்ளைகளை இவ்வளவு குறைத்து மதிப்பிட்டதாகத் தெரியவில்லை. பெரியவர்கள் சலிப்பை மரியாதையால் மூடிக்கொள்வார்கள். பிள்ளைகள் நெளிவார்கள், தண்ணீர் கேட்பார்கள், வீட்டுக்கு எப்போது போவோம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி விசாரிப்பார்கள். அவர்களைவிடக் கறாரான பார்வையாளர்கள் கிடையாது.

அன்று என் பக்கத்து இருக்கையில் தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள் அமர்ந்திருந்தாள். தேநீர்க் கோப்பையாக மாறிவிட்ட சிறுவன் சிப், தள்ளுவண்டியில் கோப்பைக்கு மேல் தலை மட்டும் தெரிய வருவான். வண்டிக்குக் கீழே ஒன்றுமில்லாததுபோல் தெரியும். தட்டுகளும் கரண்டிகளும் ஆடிய பெரிய பாடலுக்கு அரங்கமே கைதட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் கையைப் பிடித்திழுத்து, “அத்தை, அந்தக் கப்புக்குள்ள இருக்கிற பையனோட உடம்பு எங்க?” என்று கேட்டாள். “நீயே கண்டுபிடி” என்றேன். இடைவேளை முழுவதும் அவள் அதே யோசனையாக இருந்தாள். வண்டிக்குள் கால்களை மடக்கி வைத்திருப்பானா, கண்ணாடி வைத்து மறைத்திருப்பார்களா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவளே தள்ளுபடியும் செய்தாள். கற்பனைக்கு எதையும் மிச்சம் வைக்காத நாடகம் ஒரு சிறுமியை அப்படி யோசிக்க வைத்திருக்காது. இறுதியில் மிருகம் அந்தரத்தில் எழும்பிச் சுழன்று இளவரசனாக மாறும் காட்சியின் மாயத்தை வடிவமைத்த ஜிம் ஸ்டைன்மேயர், மேடை மந்திரவாதிகளுக்காகத் தந்திரங்களை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவர். அந்த நேர்த்தியைப் ‘பிள்ளைகளுக்கு இது போதும்’ என்ற கணக்கில் யாரும் செய்துவிட முடியாது.

பிரதியெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் நல்ல பதில் மேடையிலேயே இருந்தது. திரைப்படத்துக்குப் பாடல் எழுதிய ஹாவர்ட் ஆஷ்மன், படம் வெளிவருவதற்கு முன்பே 1991 மார்ச்சில் காலமாகிவிட்டார். ஆகவே மேடைக்காகப் புதிதாகச் சேர்த்த பாடல்களுக்கு ஆலன் மென்கனின் இசையில் டிம் ரைஸ் வரிகள் எழுதினார். முதல் பாதியின் முடிவில் மிருகம் தனியாக நின்று பாடும் ‘இஃப் ஐ கான்ட் லவ் ஹெர்’ அவற்றுள் ஒன்று; 1991ஆம் ஆண்டின் படத்தில் அந்தப் பாத்திரத்துக்குத் தனிப்பாடலே கிடையாது. தட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. கனத்த ரோம ஆடைக்குள்ளிருந்து ஒரு நடிகரின் குரல் மட்டும் அரங்கை நிறைத்தபோது, அதுவரை மிட்டாய்ப் பொட்டலத்தைச் சரசரக்க வைத்துக்கொண்டிருந்த பின்வரிசையும் அடங்கிவிட்டது. மதுக்கடைக் காட்சியில், பெல்லை மணக்கத் துடிக்கும் தற்பெருமைக்காரன் காஸ்டனின் கூட்டாளிகள் உலோகக் குவளைகளை ஒருவர்மீது ஒருவர் மோதி ஆடும் நடனமும் மேடைக்கே உரியது. கோலாட்டத்தில் கோல் செய்யும் வேலையை இங்கே குவளை செய்கிறது; வரிசை மாறி, கை மாறி, குனிந்தும் முதுகுக்குப் பின்னாலும் தட்டும்போது ஒரு கை பிந்தினாலும் தாளம் சிதறிவிடும். அன்று எந்தக் கையும் பிந்தவில்லை. ரசிகர்கள் சண்டை போடுவதாக இருந்தால் இந்த இரண்டு இடங்களை முன்வைத்துச் சண்டை போடலாம்.

அதற்காக விமர்சகர்கள் சொன்னதெல்லாம் வீண் என்று தள்ளிவிட முடியாது. காஸ்டனின் எடுபிடி லஃபூ அடிவாங்கும்போதெல்லாம் கார்ட்டூன் சத்தம் ஒன்று எழுகிறது. தொடக்கத்தில் சிரிப்பு வந்தது, போகப்போகப் பிள்ளைகளே சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். படத்திலிருந்து விலக்கப்பட்டு மேடையில் சேர்க்கப்பட்ட ‘ஹியூமன் அகெய்ன்’ பாடல் இனிமையானதுதான், ஆனால் கதை வேகமெடுக்க வேண்டிய இரண்டாம் பாதியில் வந்து அதன் காலைக் கட்டிப்போடுகிறது. இடைவேளையையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்பது நீளம். கற்பனையைப் பற்றிய குற்றச்சாட்டிலும் பாதி உண்மை உண்டு. இதே நிறுவனம் 1997இல் இயக்குநர் ஜூலி டேமரிடம் ஒப்படைத்த ‘த லயன் கிங்’ நாடகத்தை 2011இல் இதே மெரினா பே சாண்ட்ஸில் பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். அங்கே விலங்கும் அதை இயக்கும் மனிதரும் ஒருசேரக் கண்ணில் படுகிறார்கள், சேர்த்துப் பார்ப்பது நம் வேலை. இங்கே ஒப்பனையும் ரோமமும் மனிதரை முழுக்க மறைத்துவிடப் பார்க்கின்றன. ‘த லயன் கிங்’ நாடகத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள், அதற்கு 1998இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் கிடைத்தது. டிஸ்னி என்றாலே விமர்சகர்களுக்கு ஆகாது என்ற வாதம் அத்தோடு அடிபட்டுப் போகிறது.

நம்மவர்களின் கோபத்துக்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். சிங்கப்பூர்த் தமிழ் மேடை சிறியது. நாடகம் போடுகிறவர், அதைப் பற்றி எழுதுகிறவர், பார்க்க வருகிறவர் எல்லாரும் அடுத்த வாரம் ஏதேனும் ஒரு திருமண விருந்தில் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். அதனால் நம் விமர்சனங்கள் பெரும்பாலும் வாழ்த்து மடல்களாகவே முடிந்துவிடுகின்றன. பழக்கமில்லாத இடத்தில் ஒரு கடுஞ்சொல்லைப் படிக்கும்போது, குறை நாடகத்தைப் பற்றியது என்று தோன்றாமல், பிள்ளைகளை அழைத்துச் சென்று மகிழ்ந்து திரும்பிய நம்மையே முட்டாள் என்று சொன்னதுபோல் சுடுகிறது. குடும்பத்தோடு போவதற்கு ஆன செலவும் அந்தச் சூட்டுக்கு எண்ணெய் வார்க்கும்.

என் மதிப்பீட்டில் முதல் பாதி கொடுத்த காசுக்கு மேல் தருகிறது. இரண்டாம் பாதி அதில் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. மீண்டும் இங்கே வந்தால் போகலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துச் செல்வதானால் ஓநாய்க் காட்சியின் இருட்டையும் சத்தத்தையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு சிறுவனை அவன் தாத்தா அப்போது தூக்கிக்கொண்டு வெளியே போனவர், தட்டுகள் ஆடும் காட்சி முடிந்த பிறகுதான் திரும்பினார். கீழ்த்தளத்தில் விலை உயர்ந்த இருக்கைதான் வேண்டும் என்பதில்லை. மாடியின் முன்வரிசை போதும், குவளை நடனத்தில் ஆட்கள் இடம் மாறும் வடிவம் மேலிருந்துதான் முழுதாகத் தெரியும். இடைவேளை விட்டதும் ஒளிரும் ரோஜா விற்கும் கடைப் பக்கம் பிள்ளைகளைத் திரும்பவிடாமல் நேரே கழிப்பறை வரிசைக்கு அழைத்துப் போய்விடுங்கள், ஏனென்றால் அந்த வரிசை நகர்வதற்குள் இரண்டாம் பாதிக்கான மணி அடித்துவிடும்.